மூடுபனியில் ஒரு நவம்பர் நடை: இங்கிலாந்தில் நடைக்குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

லண்டனுக்கு வந்த முதல் வருடம் கார்த்திகை மாதம் முழுவதையும் ஜன்னலோரம் உட்கார்ந்தே கழித்தேன். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும் மாலைப்பொழுது என்ற ஒன்றே இல்லாமல் போனது. நவம்பர் நடுவில் மாலை 4 மணி 10 நிமிடத்துக்கே சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டிலிருந்து என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனது லண்டனை ஒட்டிய சர்ரே பக்கத்து நடைக்குழு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கிராமப்புறப் பாதைகளில் நடக்கிறவர்கள். சில வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது வரிசையின் கடைசி ஆளாக நடக்கும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம் வருகிறது.

இலையுதிர்காலம் வந்தாலே, புதிதாகச் சேர்ந்த நம் ஊர்க்காரர் யாராவது சனிக்கிழமை இரவு போன் செய்வார். "நாளைக்கு மூடுபனி என்கிறார்களே, நடை இருக்குமா? நான் வரலாமா?" பெரும்பாலும் இருக்கும். தாராளமாக வாருங்கள். எப்படித் தயாராவது, வந்தபின் எப்படி நடப்பது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயில் நாளில் முன்னால் போகிறவரைப் பார்த்து நடந்தால் போதும். மூடுபனியில் பின்னால் வருகிறவரையும் பார்த்து நடக்க வேண்டும்.

எந்த நடைக்குப் போவது

பிரிட்டன் முழுக்க உள்ளூர்க் குழுக்கள் வைத்திருக்கும் பெரிய அமைப்பு ராம்ப்ளர்ஸ். 1935-இல் தொடங்கியது. உறுப்பினராகச் சேர்வதற்கு முன் மூன்று நடைகளுக்கு இலவசமாகவே போய்ப் பார்க்கலாம். அந்த மூன்றையும் ஒரே குழுவோடு போகாமல் பக்கத்துக் குழுக்களோடும் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேகம் வேறு, பேச்சு வேறு.

ஒவ்வொரு நடையின் அறிவிப்பிலும் தூரமும் கடினமும் போட்டிருப்பார்கள். 'லெஷர்லி' (நிதானமானது) என்று போட்டிருந்தால் பூங்காவில் உலாத்துவது என்று நினைத்துவிட வேண்டாம். சேறும் சிறிய ஏற்றங்களும் அதில் இருக்கும். 'மாடரேட்' (நடுத்தரம்) என்றால் செங்குத்தான ஏற்றமும் வரும். முதல் மூடுபனி நடைக்கு 8 முதல் 10 கிலோமீட்டர் வரை உள்ள லெஷர்லி நடை சரியாக இருக்கும்.

நேரக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் இரண்டரை மணி நேரம் வரும். சேறு, வயல் கேட்டுகளில் காத்திருப்பது, தேநீர், பனியில் நின்று வரைபடம் பார்ப்பது எல்லாம் சேர்த்து நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் 2 மணி. இருட்டுவதற்கு முன் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். நவம்பரில் இந்த மிச்சம் இல்லாத நடை என்றால் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

முந்தைய நாளே, நடையை வழிநடத்தும் லீடருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். புதியவர் என்பதையும், ஆஸ்துமா, சர்க்கரை, முழங்கால் வலி என்று ஏதாவது இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். நம்மில் பலர் இதை மறைக்கிறோம். பனியும் குளிரும் சேரும்போது மூச்சிரைப்பு உள்ளவருக்குக் கூடுதல் சிரமம். லீடருக்குத் தெரிந்தால்தான் வேகத்தைக் குறைத்துக்கொள்ள முடியும்.

பனி எந்தப் பனி?

மேகமில்லாத, காற்றில்லாத நீண்ட இரவில் நிலம் சூட்டை இழந்து குளிர்கிறது. அதை ஒட்டியிருக்கும் ஈரக்காற்று நுண்துளிகளாகி, கனமான குளிர்காற்றோடு பள்ளத்தில் தேங்குகிறது. இது பள்ளத்தாக்கு மூடுபனி. செப்டம்பரில் என்றால் காலைச் சூரியன் ஏறியதும் கலைந்துவிடும். நவம்பர் சூரியனுக்கு அந்த வலு கிடையாது. சில நாட்களில் மாலைவரை அப்படியே கிடக்கும். இன்னொன்று மலைப் பனி, அதாவது தாழ்வான மேகம் குன்றின் மேல் வந்து உட்கார்ந்துகொள்வது. அன்று பள்ளத்தில் தெளிவாக இருக்கும், மேலே போகப் போக எதுவும் தெரியாது.

இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் அன்றைய நாளின் போக்கு பிடிபட்டுவிடும். முதல் வகையில் ஏறினால் பனியிலிருந்து வெளியே வருவோம். இரண்டாவது வகையில் ஏறினால் அதற்குள் போவோம்.

எங்கள் குழு அடிக்கடி போகும் பாக்ஸ் ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 224 மீட்டர்தான் உயரம். நார்த் டவுன்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுத் தொடரை மோல் ஆறு அறுத்துக்கொண்டு போகும் இடம் அது. அந்த ஆற்றுப் பள்ளத்தில் குளிர்காற்று வந்து தேங்கும். ஒரு நவம்பர் காலை, ரயில் நிலையத்தில் எதிர் நடைமேடைகூடத் தெரியவில்லை. படியேறி மேலே வந்தபோது தலைக்கு மேல் நீல வானம். காலுக்குக் கீழே டார்க்கிங் ஊரே இல்லை, வெள்ளைப் பஞ்சு நிரப்பியது போல இருந்தது. தென்மேற்கே 294 மீட்டர் உயர லீத் ஹில் மட்டும் தீவு போல நின்றது. அன்று யாரும் அரை மணி நேரம் பேசவில்லை. பனி என்றதும் வீட்டில் இருந்துவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அந்தக் காலையும் ஒரு காரணம்.

வானிலைக் கணக்கில் 1000 மீட்டருக்குக் குறைவாகத் தெரிந்தாலே அது மூடுபனி. நடக்கிறவருக்கு 300 மீட்டர் தெரிந்தால் கவலை இல்லை. 50 மீட்டருக்கும் கீழே போகும்போதுதான் கீழே சொல்லப் போகும் கவனங்கள் எல்லாம் தேவைப்படும்.

உடை, பை

பருத்தி வேண்டாம். ஜீன்ஸும் காட்டன் சட்டையும் பனியை உறிஞ்சிக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிர்விக்கும். மழையே இல்லாத நாளில் எப்படி நனையும் என்று கேட்பீர்கள். பனி மரக்கிளைகளில் படிந்து துளியாகச் சொட்டும். காட்டுக்குள் நுழைந்தால் உண்மையிலேயே தூறல்தான். உள்ளே வியர்வையை வெளியே விடும் செயற்கை இழை அல்லது கம்பளிப் பனியன், மேலே ஃபிளீஸ் என்ற கதகதப்பான மேலாடை, அதற்கு மேல் மழைக்கோட்டு. தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் ஏற்றம் வந்ததும் உடம்பு சூடாகிவிடும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் வியர்வையில் நனைந்து, நிற்கும் இடத்தில் நடுங்குவீர்கள்.

மேல் கோட்டு ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும். சாம்பல் கோட்டு போட்டவர் இருபதடி தள்ளிப் போனாலே பனியில் கரைந்துவிடுகிறார். கடைசி ஆளாக நடக்கும் எனக்கு இது பெரிய தலைவலி.

பூட்ஸுக்கு மட்டும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் இருக்க வேண்டும். ஈரச் சுண்ணாம்பு நிலம் சோப்புத் தேய்த்தது போல வழுக்கும். அதன்மேல் பீச் (beech) மர இலைகள் விழுந்து, அடியில் இருக்கும் வேரையும் சிக்கிமுக்கிக் கல்லையும் மறைத்திருக்கும்.

பையில் வேண்டியவை: விசில், டார்ச், கையுறை, தொப்பி, இன்னொரு ஜோடி சாக்ஸ், முழுதாகச் சார்ஜ் ஏற்றிய போன். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் அதைச் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிய ஒருவரின் பெயரும் எண்ணும், நீங்கள் எடுத்துக்கொள்ளும் மருந்துகளும் எழுதிய சீட்டு ஒன்று பையின் மேல் அறையில் இருக்கட்டும். டார்ச் பற்றி ஒரு விஷயம்: நெற்றியில் கட்டும் விளக்கின் ஒளி பனித்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வந்து, எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். அதைக் கழற்றி இடுப்பளவில் கையில் பிடித்தால் பாதை தெரியும்.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதமோ பொடி தடவிய இட்லியோ எடுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டே சாப்பிட முடிகிற எதுவும் நல்லது. பிளாஸ்க்கில் சுக்குக் காபி கொண்டுவந்தால் இரண்டு கோப்பை கூடுதலாகவே கொண்டுவாருங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

வரைபடத்தை லீடர் வைத்திருப்பார் என்றாலும் நீங்களும் ஒன்று வாங்கிப் பழகுங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 146-ஆம் எண் பாக்ஸ் ஹில், டார்க்கிங் பகுதிக்கு உரியது. வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். பச்சை நிறச் சிறு கோடுகளாகப் போகிறவை பொது நடைபாதைகள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொது வழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்தவர் வயலுக்குள் பனியில் நடக்கும்போது, யாராவது வந்து அதட்டுவார்களோ என்ற பயம் புதியவர்களுக்கு வருகிறது. மஞ்சள் அம்புக்குறி உள்ள பாதையில் நடப்பது உங்கள் உரிமை. நீல அம்பு குதிரைகளுக்கும் சைக்கிள்களுக்கும் சேர்த்து உள்ள பாதை. ஓக் கொட்டை அடையாளம் இருந்தால் அது தேசிய நெடும்பாதை. பாக்ஸ் ஹில்லில் நார்த் டவுன்ஸ் வே அப்படிப்பட்டது.

காலையில்

எழுந்ததும் போனைப் பாருங்கள். லீடர் நடையை ரத்து செய்தாலும் பாதையை மாற்றினாலும் செய்தி வந்திருக்கும். என் அனுபவத்தில் மூடுபனி நாளின் ஆபத்தான பகுதி, நடை தொடங்கும் இடத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டு போவதுதான். முடிந்தால் ரயிலில் வாருங்கள். லண்டனிலிருந்து பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் நிலையத்துக்கு நேர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காரில்தான் வர வேண்டும் என்றால் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். 100 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை என்றால் பனி விளக்கைப் போடுங்கள், தெளிந்ததும் அணைத்துவிடுங்கள்.

கழிப்பறையைத் தொடங்கும் இடத்திலேயே பயன்படுத்திவிடுங்கள்.

தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். லீடர் பாதையைச் சொல்லி, தலைகளை எண்ணி, பேக் மார்க்கர் யார் என்று காட்டுவார். அவர்தான் வரிசையின் கடைசி ஆள். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் அவர் வேலையே. அவர் முகத்தையும் கோட்டின் நிறத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லீடரின் எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெயர். எழுபத்தைந்து வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு எழாது. எனக்கும் பல மாதம் எழவில்லை. இங்கே அது மரியாதைக் குறைவு அல்ல, கூப்பிடாமல் இருப்பதுதான் விலகி நிற்பது போல அவர்களுக்குத் தோன்றும். பனியில் இது நடைமுறைக்கும் அவசியம். சத்தம் போட்டுக் கூப்பிட ஒரு பெயர் வேண்டும்.

நடக்கும்போது

கேட்டைக் கடக்கிறீர்கள் என்றால் திரும்பிப் பாருங்கள். பின்னால் வருகிறவர் தெரிந்தால் அவருக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் நில்லுங்கள், முன்னால் போகிறவரிடமும் "கொஞ்சம் நில்லுங்கள்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். புதியவர்கள் இதற்குத்தான் கூச்சப்படுகிறார்கள். பழகிய குழுவில் இதற்காக ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாதை பிரியும் இடங்களிலும் இதே விதிதான். பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்து, நீங்கள் திரும்பும் பக்கத்தையும் பார்க்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர வேண்டாம். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒருவரைப் பார்த்துக்கொண்டால் பதினைந்து பேரும் தொலையாமல் இருப்பார்கள்.

வேலியைத் தாண்ட ஸ்டைல் என்ற மரப்படிகள் வரும். ஈரத்தில் பாசி பிடித்திருக்கும். படியைப் பார்த்தபடி, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். ஒவ்வொருவராகத் தாண்டுவதால் வரிசை நீண்டு அறுந்துபோவது இங்கேதான். தாண்டியவர் விறுவிறுவென்று போய்விடக் கூடாது.

உயிர்வேலியோ கல்சுவரோ ஓரமாகக் கூடவே வரும் இடங்களில் வழி தவறுவது கடினம். அதைக் கைப்பிடி போல வைத்துக்கொண்டு போகலாம். சிக்கல் திறந்தவெளியில். இலையுதிர்காலத்தில் வயலை உழுதிருப்பார்கள், குறுக்கே போகும் பாதையின் தடமே இருக்காது. அப்போது லீடர் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு, உங்களில் ஒருவரை முன்னால் போகச் சொல்வார். பார்வை எட்டும் விளிம்புவரை போய் நிற்க வேண்டும். "இடது பக்கம் இரண்டடி" என்று சொன்னால் நகர வேண்டும். பிறகு எல்லோரும் உங்களை நோக்கி நடந்து வருவார்கள். நீங்கள்தான் அன்றைய மைல்கல். உங்களைக் கூப்பிட்டால் மகிழ்ச்சியோடு போங்கள். அங்கே நின்ற பிறகு மட்டும் அசையாதீர்கள்.

ஓசையை நம்பி வழி முடிவு செய்யாதீர்கள். பாக்ஸ் ஹில் அடிவாரத்தில் ஏ24 சாலையின் இரைச்சல் பனியில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே பிடிபடாது. காலடியில் ஃபெசன்ட் கோழி திடீரென்று கத்திக்கொண்டு பறக்கும்போது நெஞ்சு ஒரு கணம் நின்று ஓடும், அவ்வளவுதான். மாடுகள் பனியிலிருந்து திடீரென்று முளைத்தது போல நிற்கும். சேர்ந்து, சத்தமில்லாமல், அவற்றுக்கு இடம் விட்டுச் சுற்றிப் போங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் போக வேண்டாம்.

ஓர நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். பனியில் முதல் ஆள் வெள்ளை விளக்கும் கடைசி ஆள் சிவப்பு விளக்கும் எரியவிட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்.

மோல் ஆற்றைக் கடக்கப் பாக்ஸ் ஹில் அடியில் தாண்டுகற்கள் இருக்கின்றன. போர்க்காலத்தில் பழைய கற்கள் போய்விட்டன. இப்போது இருப்பவற்றை 1946-இல் பிரதமர் அட்லி திறந்துவைத்தார். அழகான இடம்தான். ஆனால் நவம்பரில் கல்லின் மேல் ஈர இலை ஒட்டியிருக்கும், ஆறும் பொங்கியிருக்கும். பக்கத்திலேயே நடைபாலம் இருக்கிறது. யார் கற்களில் போனாலும் புதியவர் பாலத்தில் போகலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

பிரிந்துவிட்டால்

என் மூன்றாவது நடை அது. பாதையிலிருந்து நாலைந்து அடி தள்ளி, புதரில் ஒரு சிலந்தி வலை. இழைக்கு இழை பனித்துளி கோத்து மணிமாலை போல இருந்தது. யாரிடமும் சொல்லாமல் விலகிப் போய்ப் படம் எடுத்தேன். அந்த ஒரு நிமிடத்தில் பேக் மார்க்கர் என்னைக் கடந்து போய்விட்டார். நிமிர்ந்தபோது யாரும் இல்லை. இடது பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. அதை நோக்கி வேகமாகப் போனேன். நாயோடு வந்த முன்பின் தெரியாத இரண்டு பேர். திரும்பிப் பார்த்தால் நான் வந்த பாதை எதுவென்று தெரியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. அவர்கள்தான் என்னோடு நின்று, அசையாமல் இருக்கச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் விசில் கேட்டது. அடுத்த கேட்டில் எண்ணிக்கை ஒன்று குறைந்ததும் லீடர் மொத்தக் குழுவையும் நிறுத்திவிட்டு, பேக் மார்க்கரோடு வந்த வழியே திரும்பியிருக்கிறார். யாரும் திட்டவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பேக் மார்க்கர் மட்டும் அன்று முழுக்க என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். தவறு என்னுடையது.

அதனால் சொல்கிறேன். படம் எடுக்க, பூட்ஸ் கயிறு கட்ட, ஒதுங்க, எதற்கு நின்றாலும் ஒருவரிடம் சொல்லுங்கள். உயிர்வேலிக்குப் பின்னால் ஒதுங்கப் போனால் முதுகுப்பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பையைப் பார்த்தால் பேக் மார்க்கர் அதைத் தாண்டிப் போக மாட்டார்.

அப்படியும் தனியாகிவிட்டால், முதலில் நில்லுங்கள். குரலைத் தேடி நடக்க வேண்டாம். பையிலிருக்கும் கூடுதல் உடையைக் குளிர் தெரியும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். லீடருக்குப் போன் செய்யுங்கள். விசிலை ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் காத்திருந்து, மறுபடி ஆறு முறை ஊதுங்கள். மூன்று முறை ஊதும் சத்தம் கேட்டால் அது உங்களுக்கான பதில். பதில் வந்த பிறகும் நின்ற இடத்திலேயே ஊதிக்கொண்டிருங்கள், அவர்கள் வந்து சேரட்டும். அடிபட்டுவிட்டது, யாரையும் போனில் பிடிக்க முடியவில்லை என்றால் 999 என்ற அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். சிக்னல் பலவீனமான இடங்களில் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகக்கூடும். ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். இன்றே 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி செய்துவிடுங்கள்.

முடிக்கும்போது

நடை பெரும்பாலும் ஒரு பப்பிலோ தேநீர்க் கடையிலோ முடியும். மது அருந்தாதவர்களும் வரலாம், காபியும் சூப்பும் கிடைக்கும். சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டுமா என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் அதைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர விடுங்கள். ரேடியேட்டரின் மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும்.

சிலர் பப்புக்கு வராமல் நேரே ரயிலுக்கோ காருக்கோ போவார்கள். அதில் தவறில்லை. ஆனால் லீடரைத் தேடிப் போய், "நான் கிளம்புகிறேன்" என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் ரயிலேறிவிட்டால், கையில் பட்டியலோடு அவர் பனிக்குள் உங்களைத் தேடித் திரும்ப நடந்துகொண்டிருப்பார்.